ஹேசல் மக்காலியன்: மிசிசாகாவை 36 ஆண்டுகள் ஆண்ட மேயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேசல் மக்காலியன் யார்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் மேற்கு எல்லையை ஒட்டி இருக்கிறது மிசிசாகா. அந்த நகரத்தின் மேயராக 1978 டிசம்பர் முதல் 2014 நவம்பர் இறுதி வரை 36 ஆண்டுகள் இடைவெளியின்றி இருந்தவர் ஹேசல் மக்காலியன். தொடர்ந்து 12 தேர்தல்களில் வென்றார். முதல்முறை பதவியேற்றபோது அவருக்கு வயது 57. விடைபெற்றபோது 93. மற்றவர்கள் ஓய்வூதியக் கணக்கை எடுத்துப் பார்க்கும் வயதில்தான் அவருடைய பெரிய வேலையே தொடங்கியது.

1921 பிப்ரவரி 14 அன்று பிறந்தார். 2023 ஜனவரி 29 அன்று, 102ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், தன் வீட்டிலேயே இறந்தார்.

அவர் மிசிசாகாவிலேயே பிறந்தவரா?

இல்லை. கியூபெக் மாகாணத்தின் காஸ்பே தீபகற்பத்தில் போர்ட் டானியல் என்னும் கடலோரச் சிற்றூர்தான் சொந்த ஊர். தந்தை மீன்பிடி, மீன் பதனிடும் தொழில் நடத்தினார். தாய் வீட்டையும் பண்ணையையும் பார்த்துக்கொண்டார். ஐந்து பிள்ளைகள் கொண்ட குடும்பம். 1930களின் பெரும் பொருளாதார மந்தம் அவருடைய பள்ளிப் பருவத்தோடு சேர்ந்து வந்தது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வீட்டில் பணம் இல்லாததால் கியூபெக் நகரிலும் மொன்றியலிலும் செயலாளர் வேலைக்கான பயிற்சி பெற்றார். கையில் இல்லாத காசைச் செலவழிக்கக் கூடாது என்று பிற்காலத்தில் அவர் பிடித்த பிடிவாதத்துக்கு வேர் இந்த வீட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மொன்றியலில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அலுவலகம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுவனம் அவரை ரொறன்ரோவுக்கு அனுப்பியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த நிறுவனத்தில் இருந்துவிட்டு, 1967இல் வேலையை விட்டு முழுநேர அரசியலுக்கு வந்தார்.

அவர் ஐஸ் ஹாக்கி ஆடியவர் என்பது உண்மையா?

உண்மை. 1940 வாக்கில் மொன்றியலில் ஒரு பெண்கள் அணிக்கு ஆடினார். ஒரு குளிர்பான நிறுவனத்தின் ஆதரவில் இயங்கிய அணி அது. ஓர் ஆட்டத்துக்கு 5 டொலர் கூலி. பெண்கள் காசு வாங்கிக்கொண்டு பனித்தளத்தில் ஆடுவதைப் பலரும் நினைத்தே பார்க்காத காலம்.

அந்த ஆர்வம் இளமையோடு முடிந்துவிடவில்லை. பெண்களுக்கான முதல் உலக ஹாக்கிப் போட்டி 1987இல் ரொறன்ரோ பகுதியில் நடந்தபோது, வென்ற அணிக்கு வழங்கிய கோப்பை ஹேசல் மக்காலியனின் பெயரைத் தாங்கியிருந்தது. சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு பெண்களுக்கென அதிகாரபூர்வ உலகப் போட்டி நடத்த முன்வந்தது அதற்கும் மூன்று ஆண்டுகள் கழித்து, 1990இல்.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

திருமணம் வழியாக ஸ்ட்ரீட்ஸ்வில் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்ததுதான் தொடக்கம். 1951இல் சாம் மக்காலியனை மணந்தார். சாம் அச்சுத் தொழில் செய்தவர். ஊருக்கென ஒரு செய்தித்தாளும் நடத்தினார்கள். மூன்று பிள்ளைகள். கிரெடிட் ஆற்றங்கரையில் பழைய மாவு ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் ஸ்ட்ரீட்ஸ்வில். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

1964இல் ஊரின் திட்டமிடல் குழுவில் இடம் கிடைத்தது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம், சாலை எங்கே போகும், கழிவுநீர்க் குழாய் எவ்வளவு அகலம் என்றெல்லாம் தீர்மானிக்கும் குழு அது. மேடைப் பேச்சால் அரசியலுக்கு வந்தவர்கள் உண்டு, போராட்டத்தால் வந்தவர்கள் உண்டு. இவர் நிலவரைபடங்களைப் படித்தபடி வந்தார். துணைத் தலைவர், தலைவர் என்று ஏறி, 1970 முதல் 1973 வரை ஸ்ட்ரீட்ஸ்வில்லின் மேயராக இருந்தார்.

அவர் மிசிசாகாவை எதிர்த்தவர் என்கிறார்களே?

ஆம். அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1970களின் தொடக்கத்தில் பில் டேவிஸ் தலைமையிலான ஒன்ராறியோ அரசு, ரொறன்ரோவைச் சுற்றியிருந்த சிறு ஊர்களை இணைத்துப் பெரிய உள்ளாட்சிகளாக்கியது. 1974 ஜனவரி 1 அன்று மிசிசாகா பட்டணமும் போர்ட் கிரெடிட்டும் ஸ்ட்ரீட்ஸ்வில்லும் ஒரே நகரமாக்கப்பட்டன. அந்த நகரத்துக்கு மேலே பிரம்டன், கலிடன் ஆகியவற்றையும் சேர்த்து பீல் பிராந்தியம் என்று இன்னோர் அடுக்கும் வைத்தார்கள். ஸ்ட்ரீட்ஸ்வில் தனி ஊராகவே இருக்க வேண்டும் என்று அதன் கடைசி மேயரான ஹேசல் கடைசி வரை வாதாடித் தோற்றார்.

தோற்றவர் வீட்டில் உட்காரவில்லை. புதிய நகரசபைக்கே உறுப்பினராகப் போனார். தன் ஊரை விழுங்கிய நகரத்தின் மேயராக ஐந்து ஆண்டுகளில் அமர்ந்தார். "ஊரின் வரியைக் கட்டுகிறவர்களே ஊரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்" என்ற வாதத்தை மட்டும் கைவிடவே இல்லை. அது பிறகு பீல் பிராந்தியத்துக்கு எதிராகத் திரும்பியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1978 தேர்தலில் எப்படி வென்றார்?

அப்போது மேயராக இருந்த ரான் சேர்லை ஏறத்தாழ மூவாயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பெரிய அலை எதுவும் வீசவில்லை. பெரும்பாலோர் அவரை நன்கு அறிந்தது அடுத்த ஆண்டு நவம்பரில்தான்.

1979 ரயில் விபத்தில் என்ன நடந்தது?

1979 நவம்பர் 10, சனிக்கிழமை. நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. 106 பெட்டிகளோடு வந்த ஒரு சரக்கு ரயிலின் பெட்டி ஒன்றில், அச்சைத் தாங்கும் பகுதி உயவு இன்றிச் சூடேறி அச்சு முறிந்தது. மேவிஸ் சாலைக் கடவையில் 24 பெட்டிகள் தடம் புரண்டன. புரொப்பேன் வாயு நிரம்பிய தாங்கிகள் வெடித்தன. பல மைல் தொலைவில் இருந்தவர்களும் அந்தத் தீப்பிழம்பைக் கண்டார்கள். ரயில் ஊழியர் ஒருவர் நெருப்பின் அருகே ஓடிப்போய், இன்னும் தடத்தில் நின்ற முன்பகுதிப் பெட்டிகளை எரிகிற பகுதியிலிருந்து பிரித்துவிட்டார். அவற்றை எஞ்சின் இழுத்துச் சென்றிராவிட்டால் இன்னும் பல தாங்கிகள் வெடித்திருக்கும்.

உண்மையான ஆபத்து வெடிப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. புரண்ட பெட்டிகளில் ஒன்றில் குளோரின் இருந்தது. முதல் உலகப் போரில் நச்சு ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. தாங்கியில் ஓட்டை விழுந்திருந்தது. காற்று திசை மாறும்போதெல்லாம் வெளியேற்ற வேண்டிய பகுதியும் விரிந்தது. முதலில் மக்களைத் தங்கவைத்த ஸ்குவேர் வன் வணிக வளாகத்தையே அடுத்துக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மூன்று மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகள் வெளியேற்றப்பட்டார்கள். மொத்தம் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2005இல் நியூ ஓர்லியன்ஸ் நகரம் கத்ரினா சூறாவளிக்காகக் காலியாகும் வரை, அமைதிக் காலத்தில் வட அமெரிக்கா கண்ட மிகப் பெரிய வெளியேற்றம் என்று இதையே சொன்னார்கள்.

ஒருவர்கூட இறக்கவில்லை.

இந்த முடிவுகளை ஹேசல் தனியாக எடுக்கவில்லை. காவல்துறைத் தலைவர், தீயணைப்புத் தலைவர், மாகாண அமைச்சர் ரோய் மக்மர்ட்ரி, இரசாயன வல்லுநர்கள் எல்லோரும் சேர்ந்த குழு அது. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் மக்கள் தொலைக்காட்சியில் கண்ட முகம் மேயருடையது. அந்த அவசரத்தில் கால் சுளுக்கிக்கொண்டும், நொண்டியபடியே கூட்டத்துக்குக் கூட்டம் போனார். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பலாம் என்று மக்கள் அவசரப்படுத்தியபோதும், தாங்கி பாதுகாப்பாகும் வரை முடியாது என்பதில் அசையவில்லை. கடைசித் தெருக்கள் வெள்ளிக்கிழமைதான் திறக்கப்பட்டன.

பதவிக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத மேயர் மீது ஒரு நகரம் வைத்த நம்பிக்கை அந்த ஆறு நாட்களில் உருவானது. பிறகு வந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் அந்த முதலிலிருந்து வட்டி எடுத்தே நடந்தன என்றுகூடச் சொல்லலாம். விபத்தைத் தொடர்ந்து நீதிபதி சாமுவேல் கிரேன்ஜ் தலைமையில் விசாரணை நடந்தது. ஆபத்தான சரக்குகளை ஏற்றிச் செல்வது பற்றிய கூட்டாட்சிச் சட்டம் 1980இல் நிறைவேறியது.

'சூறாவளி ஹேசல்' என்ற பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது?

1954 அக்டோபரில் ரொறன்ரோ பகுதியைத் தாக்கி, ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்ட சூறாவளியின் பெயர் ஹேசல். மேயரின் சுபாவத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தியது. மக்கள் அன்போடுதான் சொன்னார்கள். நகரசபையில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் வேறு பொருளிலும் சொல்லியிருக்கக்கூடும்.

ஒன்ராறியோவில் மேயருக்கு அவ்வளவு அதிகாரமா?

அவர் காலத்தில் இல்லை. பலரும் தவறாக நினைக்கும் இடம் இது. நகரசபையில் மேயருக்கு ஒரே ஒரு வாக்கு. மற்ற உறுப்பினர்களுக்கும் அதே ஒன்று. உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகள் கிடையாது, எனவே கொறடாவும் கிடையாது. மேயர் முன்மொழிந்ததைப் பெரும்பான்மை தோற்கடிக்கலாம். 'வலுவான மேயர்' அதிகாரங்களை மாகாணம் சட்டமாக்கியது 2022இல்தான். அப்போது அவர் பதவியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படியானால் அவருடைய பலம் எது? கோப்புகளை முழுதாகப் படித்துவிட்டு வருவார். அதிகாரி ஒருவர் அறிக்கை வாசிக்கும்போது அதன் பின்னிணைப்பில் உள்ள எண்ணைப் பற்றி மேயர் கேள்வி கேட்டால், அடுத்த முறை அந்த அதிகாரியும் ஒழுங்காகத் தயாரித்துவருவார். இரண்டாவது பலம் மக்கள். மேயரோடு மோதினால் அடுத்த தேர்தலில் என்னாகும் என்று ஒவ்வோர் உறுப்பினருக்கும் தெரியும். அப்படித்தான் அந்த ஒற்றை வாக்கு பல வாக்குகளின் கனத்தைப் பெற்றது. அதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: அவ்வளவு செல்வாக்குள்ள ஒருவரை எதிர்த்துப் பேச நகரசபையில் குரல்கள் குறைந்துபோயின. நல்ல மேயரைப் பெற்ற ஊர் நல்ல எதிர்க்குரலை இழந்துவிடலாம்.

பிரசாரமே செய்யாமல் வென்றார் என்பது மெய்யா?

மெய்தான். பிற்காலத் தேர்தல்களில் அவர் வீட்டு முற்றங்களில் பெயர்ப்பலகை நடவில்லை, நிதி திரட்டவில்லை. தனக்குத் தர நினைக்கும் பணத்தைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுங்கள் என்றார். இருமுறை எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் போட்டியின்றித் தெரிவானார். 2006இல் 90 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் கிடைத்தன. 2010இல், 89 வயதில், கடைசியாகப் போட்டியிட்டபோது 76 சதவீதம்.

12 தேர்தல்கள் 36 ஆண்டுகள் என்ற கணக்கு சிலருக்குக் குழப்பம் தரும். தொடக்கத்தில் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள், 1982 முதல் மூன்று, 2006 முதல் நான்கு. பதவிக்கால வரம்பு என்று ஒன்று அங்கே கிடையாது.

கடனே இல்லாத நகரம் என்பது எப்படிச் சாத்தியமானது?

வீட்டு வரிச் சீட்டு வரும்போதெல்லாம் மிசிசாகாவில் இருப்பவர்கள் பெருமையோடு சொல்லிவந்த விஷயம் இது. நகரம் பல பத்தாண்டுகள் கடனின்றி இருந்தது. கையிருப்பு நிதி வைத்திருந்தது. 1990களில் வரியில் தன் பங்கை ஆண்டுக்கணக்கில் உயர்த்தாமலே சமாளித்தது.

சிக்கனம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் அபிவிருத்திக் கட்டணம். வெற்று நிலத்தில் புதிய குடியிருப்பு எழுப்பும்போது, அங்கே வரவேண்டிய சாலை, தீயணைப்பு நிலையம், நூலகம், பூங்கா போன்றவற்றின் செலவில் பெரும்பங்கைக் கட்டுமான நிறுவனமே நகரத்துக்குக் கட்ட வேண்டும். வளர்ச்சியின் செலவை வளர்ச்சியே சுமக்கட்டும், ஏற்கெனவே குடியிருப்பவர் ஏன் சுமக்க வேண்டும் என்பது ஹேசலின் வாதம். நியாயமான வாதம். 1997இல் மைக் ஹாரிஸ் தலைமையிலான மாகாண அரசு புதிய சட்டம் கொண்டுவந்து அருங்காட்சியகம், கலையரங்கு போன்றவற்றை இந்தக் கட்டணத்திலிருந்து நீக்கியபோது, அதை உரக்க எதிர்த்தவர்களில் அவர் முன்வரிசையில் இருந்தார்.

எண்களைப் பாருங்கள். 1976 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிசிசாகாவில் இரண்டரை லட்சம் பேர். 2011இல் 7,13,443. ஒவ்வோர் ஆண்டும் வயல்கள் வீடுகளாகின. ஒவ்வொரு வீடும் கருவூலத்தில் காசு போட்டது. கனடாவின் மிகப் பெரிய விமான நிலையமான பியர்சன் இந்த நகரத்துக்குள்தான் இருக்கிறது. 401, 403 என 400களில் எண்ணிட்ட பெரு நெடுஞ்சாலைகள் பல இதன் ஊடாகப் போகின்றன. நிறுவனங்கள் தாமாகவே வந்தன.

பிறகு நிலம் தீர்ந்தது. 2000களின் பிற்பகுதியில் புதிதாக விரிக்க வயல் இல்லை. 1970களிலும் 80களிலும் போட்ட சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் வயதாகிப் பழுதுபார்க்கும் செலவு வந்தது. பழையதைப் பழுதுபார்க்க அபிவிருத்திக் கட்டணத்தைப் பயன்படுத்த முடியாது. 2010களின் தொடக்கத்தில், ஹேசலின் பதவிக்காலத்திலேயே, நகரம் மீண்டும் கடன் வாங்கத் தொடங்கியது. இதை அவருடைய தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை ஆண்டுகள் வரி உயராமல் இருந்ததை முழுக்க நிர்வாகத் திறமையின் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. அதில் ஒரு பகுதி, அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவைத்த பில்.

மிசிசாகாவின் அமைப்பு பற்றிய விமர்சனம் என்ன?

ஆறு தடச் சாலைகள், அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் வேலிகள், உள்ளே வளைந்து முட்டுச்சந்தில் முடியும் தெருக்கள். பால் வாங்கவும் கார் வேண்டும். பஸ் நிறுத்தத்தில் பனிக்காலத்தில் காத்து நின்றவர்களுக்கு இந்தத் திட்டமிடலின் விலை தெரியும். புதிதாக நாட்டுக்கு வந்து, கார் வாங்கும்வரை இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போன குடும்பங்களே அந்த விலையை அதிகம் கொடுத்தன.

இந்தப் பாணி அந்தக் காலத்து வட அமெரிக்கப் புறநகர் எங்கும் உள்ளதுதான். ஆனாலும் 36 ஆண்டுகள் ஒருவரே மேசையின் தலைமாட்டில் இருந்த ஊரில் பொறுப்பையும் அவரே ஏற்க வேண்டும். பிற்காலத்தில் அவர் திசை மாறினார் என்பதும் உண்மை. நகர மையத்தில் அடர்த்தியான உயர்மாடிக் கட்டடங்களை ஊக்குவித்தார். இடை வளைந்து முறுக்கிய வடிவில் நிற்கும், 50, 56 மாடிகள் கொண்ட அப்சலூட் கோபுரங்கள் 2012இல் நிறைவடைந்தன. பஸ்களுக்கென்றே தனிப் பாதை 2014இல் திறந்தது. ஹியூரொன்டாரியோ தெருவில் இலகு ரயில் ஓட வேண்டும் என்று வாதாடினார்.

அவர் மீதான நல முரண் குற்றச்சாட்டு என்ன?

நல முரண் என்பது பதவிக் கடமையும் சொந்த நலனும் மோதும் நிலை. இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. 1982இல், தனக்கு நில நலன் இருந்த ஒரு விவகாரம் பற்றிய கூட்டத்திலிருந்து விலகியிருக்காததால் அவர் சட்டத்தை மீறினார் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை என்று கருதிப் பதவியைப் பறிக்கவில்லை.

இரண்டாவது பெரியது. ஸ்குவேர் வன் அருகே நகர மையத்தில் ஓர் உயர்தர ஹோட்டலும் மாநாட்டு மண்டபமும் வர வேண்டும் என்பது ஹேசலின் நெடுநாள் ஆசை. அதைக் கட்ட முன்வந்த நிறுவனத்தில் அவருடைய மகனுக்குப் பணப்பங்கு இருந்தது. நில உரிமையாளர்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான பேச்சுகளில் மேயர் தலையிட்டு அழுத்தம் கொடுத்தார். திட்டம் முறிந்தது. 2009இல் நகரசபை நீதி விசாரணைக்கு வாக்களித்தது. அவருடைய சொந்த நகரசபையே கேட்ட விசாரணை அது.

நீதிபதி டக்ளஸ் கனிங்ஹாம் 2011 அக்டோபரில் அறிக்கை தந்தார். மேயர் உண்மையிலேயே நல முரண் நிலையில் நடந்துகொண்டார் என்பது அவர் முடிவு. மகனின் பங்கு எவ்வளவு என்பது தனக்கு முழுதாகத் தெரியாது என்றும் நகரத்துக்கு ஒரு ஹோட்டல் வேண்டும் என்றே பேசியதாகவும் ஹேசல் வாதாடினார். ஆனால் அப்போதைய ஒன்ராறியோச் சட்டத்தின் பிடி நகரசபைக் கூட்டத்தில் பேசுவதற்கும் வாக்களிப்பதற்கும் மட்டுமே இருந்தது. திரைமறைவுப் பேச்சுகளுக்கு அது எட்டவில்லை. அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னது அறிக்கை. அவர் பதவியை இழக்க வேண்டும் என்று கோரித் தொடுக்கப்பட்ட தனி வழக்கை 2013 ஜூனில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதில் என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. அவர் சொந்தப் பைக்குக் காசு சேர்த்தவர் என்று நான் நம்பவில்லை. ஆனால் தான் ஊருக்கு நல்லதையே நினைக்கிறோம் என்ற உறுதி மிகுந்த ஒருவருக்கு, தன் நலனும் ஊர் நலனும் பிரியும் இடம் கண்ணில் படாமல் போகலாம். அந்தக் கோட்டைக் காட்டுவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். ஒன்ராறியோவின் ஒவ்வொரு நகரசபைக்கும் நெறிமுறை ஆணையர் இருந்தே தீர வேண்டும் என்று 2019இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, எனக்கு மிசிசாகாவின் அந்த ஹோட்டல்தான் நினைவுக்கு வந்தது.

புலம்பெயர்ந்தவர்களோடு அவர் உறவு எப்படி?

ஒரே சொல்லில் பதில் தர முடியாது. கோயில், மசூதி, குருத்வாரா, தேவாலயம் என எந்த விழாவுக்கு அழைத்தாலும் வருவார். 80, 90 வயதிலும் ஒரே நாளில் பல நிகழ்ச்சிகள். நம்மவர்களின் ஆல்பங்களிலும் அவர் நிற்கும் படங்கள் இருக்கின்றன.

ஆனால் 2001இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், மருத்துவமனை அவசரப் பிரிவின் நெரிசலைப் பற்றிப் பேசும்போது, அங்கே தத்தம் பாரம்பரிய உடையோடு வந்திருப்பவர்களைச் சுட்டிப் பேசினார். கண்டனம் எழுந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த அவசரப் பிரிவில் வேட்டியோடும் சேலையோடும் காத்திருந்தவர்கள் வரி கட்டுகிறவர்களின் பெற்றோர்கள். வரி கட்டுகிறவருக்கே உரிமை என்று வாழ்நாள் முழுதும் வாதாடிய ஒருவர் அப்படிப் பேசியது எனக்கு வருத்தம் தந்தது.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

ஓய்வு என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. 2014 தேர்தலில் மேயர் பதவிக்கு நின்ற போனி குரோம்பியை ஆதரித்தார், குரோம்பி வென்றார். ஷெரிடன் கல்லூரியின் முதல் வேந்தரானார். பியர்சன் விமான நிலையத்தை நடத்தும் ஆணையத்தின் இயக்குநர் குழுவில் இருந்தார். 101 வயதில் அந்தப் பதவி மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அதே வயதில், கட்டுமானத்திலிருந்து காக்கப்படும் நிலமான ஒன்ராறியோவின் பசுமை வளையத்துக்குரிய ஆலோசனைக் குழுவுக்கும் தலைவரானார். கணவர் சாம் ஆல்சைமர் நோயால் 1997இலேயே இறந்துவிட்டிருந்தார்.

விருதுகள்?

2005இல் கனடா விருது. அதே ஆண்டு உலக மேயர் தெரிவில் ஏதென்ஸ் மேயருக்கு அடுத்து இரண்டாம் இடம். 2014இல் ஜப்பான் அரசின் உதயசூரியன் விருது. 2023 பிப்ரவரி 14, அவருடைய 102ஆவது பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டிய நாளில், மிசிசாகாவின் விளையாட்டு அரங்கில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அந்த அரங்கில் பனித்தளம் இருக்கிறது. ஹாக்கி ஆடும் இடம்.

பீல் பிராந்தியத்திலிருந்து மிசிசாகாவைப் பிரிக்க வேண்டும் என்ற அவர் கோரிக்கை என்ன ஆயிற்று?

2000களின் தொடக்கத்தில் பீலின் மக்களில் பாதிக்கும் அதிகமானோர் மிசிசாகாவில் இருந்தார்கள். ஆனால் பிராந்திய சபையின் 21 இடங்களில் மிசிசாகாவுக்கு 10தான். வரியில் பெரும்பங்கைக் கட்டுகிறோம், வாக்கில் சிறுபான்மையாக இருக்கிறோம், இந்த அடுக்கே வேண்டாம் என்றார் ஹேசல். 2005இல் மாகாணம் ஒரு சமரசம் செய்து இடங்களை 24 ஆக்கியது. மிசிசாகாவுக்கு 12, பிரம்டனுக்கு 7, கலிடனுக்கு 5. சரி பாதி. அவர் கேட்டது அதுவல்ல. கேட்பதை நிறுத்தவும் இல்லை.

அவர் இறந்து நான்கு மாதங்களில், 2023 மே மாதம், டக் போர்ட் தலைமையிலான ஒன்ராறியோ அரசு பீலைக் கலைக்கும் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்து, அதற்கு ஹேசல் மக்காலியன் சட்டம் என்றே பெயர் வைத்தது. ஜூன் மாதம் அது நிறைவேறியது. 2025 ஜனவரி 1 முதல் மிசிசாகா தனித்து நிற்கும் என்று நாள் குறித்தார்கள். ஸ்ட்ரீட்ஸ்வில்லுக்காக அவர் வாதாடித் தோற்று ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிரிந்தால் செலவு கூடும், வீட்டு வரி உயரும் என்ற கணக்குகள் வந்ததும், 2023 டிசம்பரிலேயே அரசு பின்வாங்கியது. குறித்த ஜனவரி 1 வந்து போனது. மிசிசாகா இன்னும் பீலுக்குள்தான் இருக்கிறது.